வீட்டுக் காரோடு பந்தயக் களம்: வாசகர் கேள்விகளும் விடைகளும்

2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. மைலேஜையும் கிளட்ச் தேய்மானத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது பந்தயத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒர்க் ஷாப் நடத்திக்கொண்டு, ஒரு பழைய மாருதி 800-ஐ, மண் தரையில் கோன்களைச் சுற்றிக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஆட்டோகிராஸ் களங்களில் சில ஆண்டுகள் ஓட்டிப் பெரும்பாலும் கடைசி வரிசையில் முடித்தவன் என்ற தகுதியில் இவற்றுக்கு விடை எழுதுகிறேன்.

அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு வயது 24. வீட்டில் 2014-இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. நண்பர்களோடு இரவில் நான்குவழிச் சாலையில் காவல்கிணறு வரை வேகமாக ஓட்டிப் பார்த்திருக்கிறேன்; யாரும் என்னை முந்தியதில்லை. இன்ஜினை ரீமேப் செய்து (வேகம் கூட்ட அதன் கணினி அமைப்பை மாற்றி) சைலன்சரையும் மாற்ற ரூ.60,000 சேர்த்து வைத்திருக்கிறேன். அதை முடித்துவிட்டுப் பந்தயத்தில் சேரலாமா?
*வாசகர், வள்ளியூர்*

தம்பி, முதலில் அந்த நான்குவழிச் சாலையைப் பேசி முடித்துவிடுவோம். அரசின் அனுமதியின்றிப் பொது இடத்தில் வேகப்போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ ரூ.5,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மறுமுறை என்றால் அது ஓராண்டும் ரூ.10,000-மும் ஆகும். சட்டத்தை விடுங்கள். அந்தச் சாலையில் உங்கள் ஓட்டுத்திறன் எதுவுமே வெளிப்படவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. நேர்ச்சாலையில் ஆக்சிலேட்டரை மிதிப்பதற்குக் கால் ஒன்று இருந்தால் போதும். பந்தயத்தில் நேரம் கிடைப்பதும் தொலைவதும் பிரேக் பிடிக்கும் இடத்திலும் வளைவிலும்தான். நாங்குநேரிக்கும் காவல்கிணறுக்கும் இடையில் அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வளைவுகூட இல்லை.

அந்த ரூ.60,000-த்தில் ஒரு ரூபாயைக்கூட இன்ஜினுக்குச் செலவிட வேண்டாம். உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி மாற்றம் செய்வது சட்டத்தின் 52-ஆம் பிரிவில் சிக்கும் என்பது ஒரு காரணம். மாற்றிய இன்ஜின், எவ்வித மாற்றமும் இல்லாத வண்டிகளுக்கான தொடக்கப் பிரிவிலிருந்து உங்களை வெளியே தள்ளி, பல ஆண்டு அனுபவமுள்ளவர்களோடு நிறுத்திவிடும் என்பது அதைவிட முக்கியமான காரணம். இந்தியப் பந்தய வரலாற்றில் எளிய இன்ஜினுக்கு எப்போதும் இடம் உண்டு. கோவையின் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி வண்டிகளில் இருந்தது நம் ஊர்த் தெருக்களில் ஓடிய அதே 796 சி.சி. மாருதி இன்ஜின்தான். 2005-இல் ஃபார்முலா 1 களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் தொடக்க காலத்தில் ஓட்டியதும் அந்த வண்டியைத்தான்.

பணத்தை எங்கே போடுவது என்றால், முதலில் பிரேக் ஆயிலில் போடுங்கள். பானெட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறிய வெள்ளைக் குப்பியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். புது ஆயில் தேங்காயெண்ணெய் போல வெளிறியிருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் மாற்றாமல் விட்டது கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்திருக்கும். நிறம் மட்டும் மாறுவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கு உறுதி சொல்லப்படும் அளவு 155 டிகிரி மட்டுமே. டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு இறங்கிவிடும். அன்றாட ஓட்டத்தில் இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. களத்தில் அடுத்தடுத்துப் பத்து முறை அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். குமிழி அழுத்தத்தைக் கடத்தாது, அது அமுங்கிப்போகும். மிதித்த பெடல் பஞ்சு மூட்டையை மிதித்தது போலத் தரைவரை போய்விடும். காரையாறு அணைப் பக்கம் மலையிறக்கத்தில் என் சித்தப்பா மகனின் வண்டியில் எனக்கு அது ஒருமுறை நேர்ந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கியதாலும், இடது பக்கம் மண்மேடு இருந்ததாலும் இன்று இந்த விடையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்ஜினைவிடப் பிரேக்குக்கு ஏன் முதலிடம் தருகிறேன் என்பது விளங்கும். ஆயிலுக்கு அடுத்தபடி பிரேக் பேடு, அதற்கு அடுத்தபடி டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. நம் பக்கத்து வெயிலில் நின்று நின்று ரப்பர் கெட்டிப்பட்டுப்போன டயருக்குப் பிடிமானம் இருக்காது.

இவ்வளவும் முடிந்த பிறகும் கையில் பெருந்தொகை மிஞ்சியிருக்கும். அதைக் கோவைக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவுக்கும், நுழைவுக் கட்டணத்துக்கும், ஒரு பயிற்சி வகுப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் 3.7 கி.மீ. ஓடுதளம் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே அமைந்த 2.1 கி.மீ. தளம் இருக்கிறது. நெல்லையிலிருந்து முன்னது ஏறத்தாழ 600 கி.மீ., பின்னது ஏறத்தாழ 350 கி.மீ. என்பது நமக்குள்ள குறைதான். அதை மறைக்க முடியாது.

முதல் போட்டியாக ஆட்டோகிராஸைத் தேர்ந்தெடுங்கள். திறந்த மண் தரையில் கோன்களை வைத்து வளைந்து வளைந்து செல்லும் பாதையொன்றை அமைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரே வண்டிதான் ஓடும், போட்டி கடிகாரத்தோடுதான். கோனைத் தட்டினால் உங்கள் நேரத்தோடு சில நொடிகள் தண்டமாகக் கூடும். பக்கத்தில் வேறு வண்டி இல்லாததால் இடிபடும் வாய்ப்புக் குறைவு. வேகமும் பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் கியரைத் தாண்டாது. அங்கே உங்கள் ஸ்விஃப்டின் முன்சக்கரங்கள், வளைவுக்குள் மிகுந்த வேகத்தில் நுழைந்தால் எவ்வளவு திருப்பினாலும் திரும்பாமல் நேரே இழுத்துக்கொண்டு போவதைக் காண்பீர்கள். அப்போது ஸ்டியரிங்கை மேலும் ஒடிப்பதே எல்லோரும் முதலில் செய்யும் தவறு. சற்றே ஸ்டியரிங்கைத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை மெல்லக் குறைத்தால் சக்கரம் மீண்டும் தரையைப் பிடிக்கும். இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ளவே எனக்கு மூன்று போட்டிகள் ஆயின.

நானும் என் கணவரும் ஆசிரியர்கள். வேகமாக ஓட்டுவதில் இருவருக்கும் விருப்பமில்லை. ஆனால் வண்டியில் ஊர் சுற்றுவது பிடிக்கும். நேரக் கணக்கு ராலி என்று ஒன்று இருப்பதாக அறிந்தோம். அதில் எங்களைப் போன்றவர்கள் கலந்துகொள்ள முடியுமா? எங்களிடம் இருப்பது வேகன் ஆர்.
*வாசகி, அம்பாசமுத்திரம்*

அம்மா, உங்கள் இருவருக்கென்றே அமைந்த போட்டி அது. டி.எஸ்.டி. ராலி என்று சொல்வார்கள். நேரம், வேகம், தொலைவு என்ற மூன்றின் கணக்கு. பொதுச் சாலையில், போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டு, போட்டி நடத்துவோர் சொல்லும் சராசரி வேகத்தில் செல்ல வேண்டும். வழியில் எங்கே என்று சொல்லாமல் நேரச் சாவடிகளை வைத்திருப்பார்கள். முன்னதாக வந்தாலும் தண்டம், பிந்தி வந்தாலும் தண்டம். பல போட்டிகளில் முன்னதாக வருவதற்கே தண்டம் கூடுதல். வேகன் ஆர் தாராளமாகப் போதும்.

ஒருவர் ஓட்ட, மற்றவர் வழிப்புத்தகத்தைப் படித்துக் கணக்குப் போட வேண்டும். வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சிறு கோட்டுப்படம் இருக்கும். உருண்டை இருக்கும் முனை நீங்கள் வரும் வழி, அம்பு காட்டும் முனை நீங்கள் போக வேண்டிய வழி. கணக்கு என்பது ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். 36 கி.மீ. வேகம் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 நொடி. 40 என்றால் 90 நொடி, 45 என்றால் 80 நொடி. ஊருக்குள் 12 கி.மீ. தொலைவை 30 கி.மீ. வேகத்தில் கடந்து, அதன்பின் 9 கி.மீ. தொலைவை 45 கி.மீ. வேகத்தில் கடக்கச் சொன்னால், 24 நிமிடமும் 12 நிமிடமும் சேர்ந்து 36 நிமிடத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

சிக்கல் கணக்கில் இல்லை. உங்கள் வண்டியின் மீட்டரில் இருக்கிறது. எந்த மீட்டரும் போட்டி நடத்துவோரின் மீட்டரோடு அப்படியே ஒத்துப்போகாது. டயர் தேய்மானம், காற்றின் அளவு ஆகியவற்றுக்கு ஏற்பக் கூடுதலாகவோ குறைவாகவோ காட்டும். ஆகவே தொடக்கத்தில் அளந்து வைத்த ஒரு பகுதியைத் தருவார்கள். அவர்கள் 10 கி.மீ. என்று சொல்லும் இடத்தில் உங்கள் மீட்டர் 10.3 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மூன்று பங்கு வேறுபாடு. சிறிதுதானே என்று விட்டுவிட்டால், 50 கி.மீ. போனதும் 1.5 கி.மீ. பிசகியிருக்கும், 36 கி.மீ. வேகத்தில் அது 150 நொடி. எனவே புத்தகத்தில் 24.5 என்றிருந்தால் உங்கள் மீட்டரில் ஏறத்தாழ 25.2 வரும்போது அந்தத் திருப்பத்தை எதிர்பார்க்க வேண்டும். மற்றொன்று: சாதாரண டிரிப் மீட்டர் 100 மீட்டருக்கு ஒருமுறைதான் எண்ணை மாற்றும். 36 கி.மீ. வேகத்தில் அந்த 100 மீட்டர் பத்து நொடி. ஆகையால் எண் மாறும் அந்தக் கணத்தைப் பிடித்து ஸ்டாப் வாட்ச்சோடு ஒப்பிடும் பழக்கம் வேண்டும்.

இதற்குப் பயிற்சியாக எந்தப் போட்டிக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகப் போய்வாருங்கள். ஊருக்குள் ஒரு வேகமும் வயல்வெளியில் ஒரு வேகமும் என்று முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் நேரத்தைக் குறித்து வாருங்கள். ரயில்வே கேட் ஒன்று அடைத்தால் இழந்த நேரத்தை விதிமீறாமல் எப்படி ஈடுகட்டுவது என்ற பாடமும் கிடைத்துவிடும்.

என் மனைவியோடு கலந்துகொண்ட முதல் ராலியில் நாங்கள் வேகமாற்றக் குறிப்பு ஒன்றைத் தவறவிட்டு, நான்கு நிமிடம் முன்னதாகப் போய்க்கொண்டிருப்பதைத் தாமதமாகக் கண்டுபிடித்தோம். பங்குனி வெயில். பனங்காட்டை ஒட்டிய சாலையோரத்தில் ஒருவர் பதநீர் விற்றுக்கொண்டிருந்தார். நேரத்தைக் கழிக்க ஆளுக்கு ஒரு பனையோலைப் பட்டை பதநீர் குடித்துவிட்டு, கணக்குச் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகக் கிளம்பினோம். சாவடி எங்களுக்குப் பின்னால் இருந்தது. அதை நான்கு நிமிடம் முன்னதாகவே கடந்துவிட்டிருந்தோம். பதநீர் நன்றாக இருந்தது என்பதை என் மனைவி இன்றும் நினைவூட்டுவாள்.

டீசல் வண்டியோ ஆட்டோமேட்டிக் கியர் வண்டியோ வைத்திருப்பவர்கள் கலந்துகொள்ளலாமா?
*வாசகர், சங்கரன்கோவில்*

கலந்துகொள்ளலாம். பிரிவுகளை எப்படி வகுத்திருக்கிறார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால், அந்தந்தப் போட்டியின் விதித்தாளைப் படித்துப் பாருங்கள். உயரமான எம்.யு.வி. வண்டிகளை மட்டும் கோன் போட்டிகளுக்குக் கொண்டுவர வேண்டாம்; அவை கவிழும் வாய்ப்புக் கூடுதல்.

எங்கள் ஊரைச் சுற்றிச் செம்மண் தேரிக்காடு பரந்து கிடக்கிறது. ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே வண்டியை வைத்துப் பழகினால் ஆட்டோகிராஸுக்கு உதவுமா?
*வாசகர், திசையன்விளை*

உதவாது என்பதோடு, செய்யவும் வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைவு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பனையேறிகள் விடிவதற்கு முன்பே அங்கே நடமாடுவதை நான் கண்டிருக்கிறேன். தேரி மணல் காற்று குவித்த மணல். அதில் மரமும் புல்லும் பிடித்து வைத்திருக்கும் மேற்பரப்பைச் சக்கரம் கிளறிவிட்டால், ஆடிக் காற்றில் அந்த மணல் பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கிடக்கும். வண்டிக்கும் கேடுதான். முன்சக்கரத்தில் இயங்கும் சிறிய கார் அச்சு வரை புதைந்துவிடும். அந்த நுண்ணிய செம்பொடி ஏர் ஃபில்டரை ஒரே நாளில் அடைத்துவிடும்.

ஆட்டோகிராஸ் நடப்பது கெட்டியான மண் தரையில். அதற்கு ஒப்பான இடம் வேண்டுமென்றால், தெரிந்தவர் ஒருவரின் வேலியிட்ட தனியார் நிலத்தை, அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பயன்படுத்துங்கள். கிணறு எங்கே, போர் குழாய் எங்கே, மின்கம்பத்தின் இழுவைக் கம்பி எங்கே என்று முதலில் நடந்து பார்த்துவிடுங்கள். நடக்காமல் வண்டியை இறக்காதீர்கள். பாதி மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்களை 15 மீட்டருக்கு ஒன்றாக நேர்வரிசையில் ஆறு வையுங்கள். அவற்றுக்கு இடையே 30 கி.மீ. வேகத்தில் நெளிந்து போய்வந்தால், கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகிறது என்பது உங்களுக்கே தெரியவரும். பக்கத்து பாட்டிலைப் பார்ப்பவர் அதை இடிப்பார். அதற்கு அடுத்ததைப் பார்ப்பவர் தாண்டிப் போவார். தீயணைப்பான் ஒன்றும், அவசரத்துக்கு வேறொரு வண்டியும், அதை ஓட்ட ஓர் ஆளும் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

பழைய விமான ஓடுதளங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில்தான் இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990-இல் வரும் வரை தமிழ்நாட்டின் பெரிய பந்தயங்கள் நடந்தன என்பது உண்மை. ஆனால் அவற்றை ஒரு கிளப் முறையான அனுமதியோடு நடத்தியது. கயத்தாற்றில் பழைய தளம் இருக்கிறது என்பதற்காக நாம் நான்கு பேர் கூடிப் போய் இறங்கிவிட முடியாது.

என் மகனுக்கு 16 வயது. கார் பந்தயத்தில் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். பதினெட்டு ஆகட்டும் என்று சொல்லி வருகிறேன். நான் செய்வது சரியா?
*வாசகி, மேலப்பாளையம்*

சாலையில் கார் ஓட்டுவதற்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. வீட்டுக் காரின் சாவியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டாம். ஆனால் மூடிய தளத்தில் நடக்கும் விளையாட்டுக்கு அந்த வயது வரம்பு அப்படியே பொருந்தாது. கோ-கார்ட் பந்தயத்தில் அவனைவிடச் சிறியவர்களுக்கும் பிரிவுகள் உண்டு. இந்தியாவில் இந்த விளையாட்டை நிர்வகிக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அமைப்பு வழங்கும் போட்டி உரிமத்தைப் பெற்றோரின் ஒப்புதலோடு பெறலாம். மருத்துவச் சான்றும் வேண்டும்.

செலவு மிகுந்த விளையாட்டு என்பதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஓட்டுவதோடு நின்றுவிடாமல், போட்டிகளில் தொண்டராகப் பணிபுரிவது, சக்கரம் மாற்றப் பழகுவது, கொடிகளின் பொருளை அறிவது ஆகியவையும் இந்த விளையாட்டின் பகுதிகளே. மஞ்சள் கொடி முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. நீலம் பின்னால் வேகமான வண்டி வருகிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்கும். சிவப்பு ஓட்டம் நிறுத்தப்பட்டது. இவற்றை இன்று மாலையே கேட்டுப் பாருங்கள். அவனுக்குத் தெரிந்திருந்தால் ஆசை உண்மையானதுதான்.

போட்டியில் வண்டி அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? எங்கள் ஏஜென்ட் "ஃபுல் கவர், எல்லாம் கிடைக்கும்" என்கிறார்.
*வாசகர், தென்காசி*

கிடைக்காது. பாலிசித் தாளில் "பயன்பாட்டு வரம்புகள்" என்ற தலைப்பைத் தேடுங்கள். ஏற்பாடு செய்து நடத்தும் பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாங்குதிறன் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தும்போது பாலிசி செல்லாது என்று அங்கேயே அச்சிட்டிருக்கும். நேரக் கணக்கு ராலியையும் எளிதில் இந்த வகைக்குள் சேர்த்துவிடுவார்கள் என்பதால், கலந்துகொள்வதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, கூடுதல் தொகை கட்டி மேலொப்பம் (பாலிசியில் சேர்க்கும் கூடுதல் ஒப்புதல்) பெற முடியுமா என்று பாருங்கள். ஏஜென்டின் வாய்ச்சொல் கோர்ட்டில் நிற்காது. கடனில் வாங்கி இன்னும் தவணை முடியாத வண்டியை ஆட்டோகிராஸுக்குக் கொண்டுபோவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அடிபட்டால் சொந்தக் காசில் சரிசெய்ய முடியும் என்ற நிலையிலுள்ள பழைய வண்டியே இதற்கு உகந்தது.

அடுத்த மாதம் முதல் முறையாக ஆட்டோகிராஸ் போகிறேன். பெயர் கொடுத்துவிட்டேன். என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?
*வாசகர், இராதாபுரம்*

வண்டிக்குள் இருப்பதையெல்லாம் வெளியே எடுப்பதிலிருந்து தொடங்குங்கள். சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் வளைவில் பிரேக் பெடலுக்குக் கீழே வந்து மாட்டிக்கொள்ளும். தரைவிரிப்பு, டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பிள்ளையாரை எடுக்கச் சொன்னதற்கு என் அம்மா ஒரு வாரம் பேசவில்லை; களத்தில் சோதனை செய்யும் அதிகாரியோ கழன்று விழக்கூடிய எதையும் உள்ளே விடமாட்டார். பேட்டரி அசையாமல் இறுக்கியிருக்கிறதா என்பதையும் அவர் கையால் ஆட்டிப் பார்ப்பார்.

ஹெல்மெட் பற்றி விதித்தாள் என்ன கேட்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். ஹெல்மெட்டுகளைச் சோதித்துத் தரச்சான்று தரும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. தரமுடையவை கார் பந்தயத்துக்கானவை; தீயைத் தாங்கும் சோதனையும் அவற்றுக்கு உண்டு. பைக்குக்கான எம். தரத்தில் அந்தச் சோதனை இல்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை, மெல்லிய அடிப்பாகமுள்ள காலணி போதும், செருப்பு கூடாது.

உட்காரும் முறையையும் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். தோள் சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். கிளட்சை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். நம்மில் பலர் சாய்வு நாற்காலியில் படுத்தது போல ஓட்டுகிறோம். அது களத்துக்கு ஆகாது.

காற்றுமானி ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் டயர் சூடேறுவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். டயரின் பக்கவாட்டு ஓரத்தில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு எவ்வளவு அழிந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் டயர் மடிந்து உருண்டிருக்கிறது. மிகவும் அழிந்திருந்தால் காற்றைச் சிறிது கூட்டலாம். மண் தரையில் கோடு தெளிவாகத் தெரியாது, தார்த்தரையில் தெரியும். ஓட்டம் முடிந்து வந்ததும் கை பிரேக்கை இழுக்காதீர்கள், கியரில் நிறுத்துங்கள். கொதிக்கும் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும்.

ஊருக்குக் கிளம்புமுன் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு, காற்றைச் சாலைக்குரிய அளவுக்கு மாற்றி, நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். பாதித் தூரம் வந்ததும் நிறுத்தி மறுபடியும் முறுக்குங்கள். முதல் போட்டி முடிந்து திரும்பும்போது திருமங்கலம் தாண்டி டீக்கடையில் நின்றபோதுதான், என் வண்டியின் இடது முன்சக்கரத்தில் ஒரு நட்டு விரலாலேயே கழன்று வந்தது.